உள்ளே வந்ததும் வேலையைக் காட்டும் சாமான்!
கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கும் கட்டளைச் சீட்டு

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருநாள்.

மாலை மணி 6 ஆகப் போகிறது. கோவிலுக்குள் ஜனங்கள் கடல்போலத் திரண்டு நிற்கிறார்கள். எல்லோருடைய கண்களும் கொடிமரத்தின் பக்கமே இருக்கின்றன.

அர்த்தநாரீசுவரர் வெளியே வருகிறார்! ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, சில நிமிட நேரம் மட்டுமே கிடைக்கும் தரிசனம் அது. அவர் வந்ததும் கொடிமரத்தின் முன்னால் தீபம் ஏற்றுகிறார்கள். உடனே 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம் சுடர்விட்டு எரிகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கம் வானைப் பிளக்கிறது.

கீழே ஒரு காரியம் நடந்தது. உடனே மேலே இன்னொரு காரியம் நடந்தது. "இது நடந்ததும் அதைச் செய்" என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர்களுக்குள்ளும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு "ஹூக்" என்று பெயர். தமிழில் சொன்னால் கொக்கி!

இந்தக் கொக்கியால் உலகத்துக்கு நன்மையும் உண்டு. பெரிய அபாயமும் உண்டு. 2025-ம் ஆண்டில் இந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு "புழு" ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

பால் காய்ச்சுவது போல!

புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? பால் காய்ச்சுகிறார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற வேலைகள்.

கம்ப்யூட்டரில் ஒரு புது புரோகிராம் குடியேறும்போதும் இப்படிச் சில முதல் வேலைகள் உண்டு. கணக்கு எழுத ஓர் ஏடு திறக்க வேண்டும். படங்களைப் போட்டு வைக்க ஓர் அறை ஒதுக்க வேண்டும். "இன்ன நேரத்தில் என்னை எழுப்பு" என்று கடிகாரத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இந்த வேலைகளை எல்லாம் ஒரு சீட்டில் எழுதி, புரோகிராமோடு சேர்த்தே அனுப்பி விடுகிறார்கள். "நான் உள்ளே வந்ததும் இதைச் செய்" என்பது அந்தச் சீட்டு. இதுதான் "இன்ஸ்டால் ஹூக்". நாம் இதைக் கட்டளைச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம்.

விடுதிக்காரரின் கஷ்டம்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோ மீட்டர். பவுர்ணமி தோறும் லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்றி வருகிறார்கள். அந்தப் பாதையில் ஒருவர் விடுதி நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறை வேண்டுகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய அவர் இணையத்தில் ஒரு தளம் வைத்திருக்கிறார்.

அந்தத் தளம் "வேர்ட்பிரஸ்" என்ற புரோகிராமில் ஓடுகிறது. 2003-ம் ஆண்டில் வெளிவந்த இந்த புரோகிராமில்தான் உலகத்து இணையதளங்களில் ஏறக்குறைய 10-க்கு 4 பங்கு ஓடுகின்றன. இது வெறும் வீடு மாதிரி. வேண்டிய வசதிகளை நாம்தான் ஒவ்வொன்றாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். இப்படிப் பொருத்தும் சாமானுக்கு "பிளக்-இன்" என்று பெயர்.

விடுதிக்காரர் அறைப் பதிவுக்கு ஒரு பிளக்-இன் வேண்டும் என்கிறார். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் அதைக் கொண்டு வந்து வைக்கிறான்.

மறுநாள் காலையில் விடுதிக்காரர் கூப்பிடுகிறார்.

"தம்பி! சாமானைப் போட்டு விட்டாயா?"

"நேற்றே போட்டு விட்டேன், அண்ணே!"

"ஆனால் ஒரு பதிவுகூட ஏறவில்லையே! பவுர்ணமிக்கு இன்னும் 3 நாள்தானே இருக்கிறது!"

பையன் ஓடி வந்து பார்க்கிறான். சாமான் இருக்கிறது. ஆனால் கட்டளைச் சீட்டு ஓடவே இல்லை! பதிவு எழுதும் ஏடு திறக்கப்படவில்லை. ஏடே இல்லாமல் பதிவு எங்கே ஏறும்?

ஏன் இப்படி ஆயிற்று?

வேர்ட்பிரஸில் ஒரு பிளக்-இன் உள்ளே வந்தால் மட்டும் போதாது. நிர்வாகி தம் பக்கத்தில் போய், "இதை இயக்கு" என்று பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் சீட்டு ஓடும். பையன் அந்த வழியில் போகவில்லை. பிளக்-இன்னை ஒரு "லைப்ரரி"யாகக் கொண்டு வந்து அலமாரியில் அடுக்கி விட்டான். அடுக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து விட்டான்.

லைப்ரரி என்றால் புத்தகசாலையா?

இல்லை! புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவது கிடையாது. ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அப்படி எடுத்துப் பயன்படுத்துவதற்கென்றே கட்டி வைத்த பொட்டலம்தான் லைப்ரரி.

தமிழிலேயே ஓர் உதாரணம் உண்டு. "கி" என்பது நமக்கு ஓர் எழுத்து. ஆனால் கம்ப்யூட்டர் அதை இரண்டாக எண்ணும்! "க" ஒன்று, மேலே உள்ள விசிறி ஒன்று. இதைச் சரியாகப் பிரித்து எண்ணுவதற்கு "ஓப்பன்-தமிழ்" என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. முத்து அண்ணாமலையும் அவருடைய தோழர்களும் சேர்ந்து உருவாக்கியது. "பைத்தான்" மொழியில் புரோகிராம் எழுதுகிற யாரும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட பொட்டலங்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குகள் உலகில் பல உண்டு. அவற்றில் மிகப் பெரியது "என்.பி.எம்." என்ற கிடங்கு. 2010-ல் தொடங்கிய அதில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் இருக்கின்றன!

ஒரு பொட்டலம் கேட்டால் ஒன்று மட்டும் வருவதில்லை. அதற்கு வேண்டிய துணைப் பொட்டலங்கள், அவற்றுக்கு வேண்டிய துணைகள் என்று கல்யாணத்துக்கு வரும் உறவினர்போல நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். அவற்றை எழுதியவர் யார், எந்த ஊர் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

இரண்டு வழிகள்

இங்கேதான் கேள்வி பிறந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் கட்டளைச் சீட்டு இருந்தால், அதை உடனே ஓட விடலாமா? கூடாதா?

ஓட விட்டால் வசதி. விடுதிக்காரரின் கஷ்டம் வராது. பொட்டலம் வந்து இறங்கியதும் தானே ஏடு திறக்கும். தானே அறை ஒதுக்கும்.

ஆனால் அந்தச் சீட்டை எழுதியவன் திருடனாக இருந்தால்? "உள்ளே வந்ததும் பெட்டிச் சாவியை எடுத்து எனக்கு அனுப்பு" என்று அதில் எழுதியிருந்தால்? கம்ப்யூட்டருக்கு நல்லவன், கெட்டவன் தெரியாது. சொன்னதைச் செய்யும். அவ்வளவுதான்!

என்.பி.எம். பல ஆண்டுகளாக முதல் வழியில் போயிற்று. பொட்டலம் வந்தால் சீட்டும் ஓடும். துணைக்கு வந்த பொட்டலங்களின் சீட்டுகளும் ஓடும்.

"கம்போசர்" என்ற புரோகிராம் வேறு வழியில் போயிற்று. "பி.எச்.பி." மொழிக்காரர்களுக்குப் பொட்டலம் கொண்டு வந்து தரும் இந்த புரோகிராமை நில்ஸ் அடர்மன், ஜோர்டி போஜியானோ என்ற இருவரும் உருவாக்கினார்கள். 2012-ல் இது வெளிவந்தது. இதன் சட்டம் கண்டிப்பானது. வீட்டுக்காரர் தாமே எழுதி வைத்த சீட்டுகள் மட்டும்தான் ஓடும். வெளியிலிருந்து வந்த பொட்டலத்துக்குள் சீட்டு இருந்தால் அதைத் தொடவே தொடாது!

கம்போசருக்கே துணை செய்கிற தனி ரகப் பொட்டலங்கள் மட்டும் இதற்கு விலக்காக இருந்தன. 2021 டிசம்பரில் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. முதல் தடவை அப்படி ஒன்று வரும்போது, "இதை நம்பி ஓட விடலாமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்கிறது. அவர் சரி என்றால்தான் ஓடும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மகாதீபத்துக்கு நெய் யார் வேண்டுமானாலும் காணிக்கை கொடுக்கலாம். எந்த ஊரிலிருந்தும் கொடுக்கிறார்கள். ஆனால் கொப்பரையில் தீபத்தை ஏற்றுகிறவர்கள் பருவத ராஜ குலத்தார் மட்டுமே. நெய் கொடுத்தவர் எல்லாம் மலை உச்சிக்குப் போய்த் தீ வைக்கலாம் என்று விட்டால் என்ன ஆகும்?

நிபுணர்கள் சொன்னார்கள், நடந்தது!

2016 மார்ச் மாதம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. "என்.பி.எம். பொட்டலத்தின் கட்டளைச் சீட்டைக் கொண்டு ஒரு புழுவை உண்டாக்க முடியும். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தானே பரவும்" என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டே முதல் அடி விழுந்தது. 2017 ஜூலையில் யாரோ ஒருவர் சுமார் 40 போலிப் பொட்டலங்களைக் கிடங்கில் வைத்தார். பெயர்கள் எல்லாம் நல்ல பொட்டலங்களின் பெயரைப் போலவே இருந்தன. "கிராஸ்-என்வ்" என்பது நல்ல சரக்கு. நடுவில் உள்ள கோட்டை எடுத்து விட்டு "கிராஸ்என்வ்" என்று வைத்தது போலி! அவசரத்தில் கோடு போட மறந்தவர்கள் போலியை வாங்கி விட்டார்கள். வாங்கியதும் அதன் சீட்டு ஓடியது. கம்ப்யூட்டரில் இருந்த ரகசியக் குறிப்புகள் வெளியே போயின. சுமார் 2 வாரம் கழித்துத்தான் குட்டு வெளிப்பட்டது.

2021 அக்டோபர் 22. இந்தத் தடவை போலி அல்ல. நல்ல சரக்கிலேயே நஞ்சு கலந்தது! இந்தோனேசியாக்காரர் ஒருவர் எழுதிய பொட்டலம் அது. இணையதளத்துக்கு வருகிறவர் என்ன போன், என்ன கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார் என்று கண்டு சொல்வது அதன் வேலை. வாரத்துக்கு 70 லட்சம் தடவைக்கு மேல் அதை எடுத்துப் போவார்கள்.

திடீரென்று அவருடைய மின்னஞ்சல் பெட்டியில் வேண்டாத கடிதங்கள் மழையாகக் கொட்டின. எதையோ மறைக்கத்தான் இந்த மழை என்று அவர் சந்தேகப்பட்டார். சந்தேகம் சரியாயிற்று. யாரோ அவருடைய கணக்குக்குள் புகுந்து 3 கெட்டப் பதிப்புகளை வெளியிட்டிருந்தார்கள். வாங்கியவர்களின் கம்ப்யூட்டரில் சீட்டு ஓடி, திருடர்களுக்காகக் கள்ளத்தனமாக மின்னணுக் காசு தயாரித்தது. சில கம்ப்யூட்டர்களில் கடவுச்சொற்களையும் திருடியது. சில மணி நேரம்தான். அதற்குள் எத்தனை கம்ப்யூட்டர்!

புழு வந்தது!

2025 செப்டம்பர். 2016-ல் சொன்ன புழு, 9 ஆண்டுகள் கழித்து உண்மையாகவே வந்து விட்டது!

அதன் பெயர் "ஷாய்-ஹுலுத்". "டியூன்" என்ற ஆங்கில நாவலில் வரும் ராட்சத மணல் புழுவின் பெயர் அது. திருடர்களே வைத்த பெயர்!

அது என்ன செய்தது? ஒருவர் பொட்டலத்தை வாங்கினார். சீட்டு ஓடியது. அவருடைய கம்ப்யூட்டரில் சாவிகளைத் தேடியது. கிடைத்தவற்றை எல்லாம் இணையத்தில் ஊரறியப் போட்டது. அவரும் பொட்டலம் எழுதுகிறவராக இருந்தால் தொலைந்தது! அவருடைய சாவியைக் கொண்டே அவருடைய பொட்டலங்களுக்குள்ளும் நஞ்சைக் கலந்து, அவர் பெயரிலேயே வெளியிட்டது. அதை வாங்கியவர்களுக்கும் அதே கதி.

ஒரு சில நாட்களில் 500-க்கு மேற்பட்ட பொட்டலங்கள் கெட்டுப் போயின.

நவம்பரில் புழு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை இன்னும் கொடுமை! பொட்டலம் முழுவதும் இறங்கி முடியும் வரைகூட அது காத்திருக்கவில்லை. இறங்குவதற்கு முன்னாலேயே ஓடும் சீட்டில் ஏறிக்கொண்டது. திருட வழி கிடைக்காவிட்டால், அந்தக் கம்ப்யூட்டர்காரர் சேர்த்து வைத்திருந்த கோப்புகளையே அழிக்கப் பார்த்தது!

பறிபோனவை யாருடைய சாவிகள்? புரோகிராம் எழுதுகிறவர்களின் சாவிகள். அவர்கள் கையில்தான் கடைகளின் தளம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளின் தளம் இருக்கிறது. நமது விடுதிக்காரரைப் போன்றவர்களின் தளமும் இருக்கிறது. அறை பதிவு செய்த யாத்திரிகரின் பெயரும் போன் நம்பரும் அங்கேதான் இருக்கின்றன.

மாவாகவே வாங்கினால்?

"அப்படியானால் இந்தச் சீட்டே வேண்டாம் என்று கிழித்து எறிந்து விடலாமே!" என்று தோன்றும்.

அவ்வளவு சுலபம் இல்லை. சில பொட்டலங்கள் அரிசி, உளுந்து மாதிரி வருகின்றன. அந்தந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி அங்கேயே அரைத்துத்தான் ஆக வேண்டும். அரைப்பதற்குச் சீட்டு ஓட வேண்டும்.

பைத்தான்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். "வீல்" என்ற புது ரகப் பொட்டலத்தை 2012-ல் முன்மொழிந்தார்கள். இதில் மாவு அரைத்தே வருகிறது! எடுத்துப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டியதுதான். வீட்டுக்குள் ஆள் வந்து அரைக்க வேண்டியதில்லை. அதனால் இறங்கும் நேரத்தில் எந்தச் சீட்டும் ஓடுவதில்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. மும்பையைச் சேர்ந்த "ஃபிராப்பே" நிறுவனம், கடை, ஆலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கும் "ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட்" என்ற புரோகிராமை உருவாக்கியது. அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வரும் துணை புரோகிராம்கள் பைத்தான் பொட்டலங்களாகவே வருகின்றன.

அவர்களுடைய ஏற்பாடு கவனிக்கத் தக்கது. பொட்டலத்தைக் கொண்டு வந்து வைப்பது ஒரு படி. "இந்தத் தளத்தில் இதைப் பொருத்து" என்று தனியாக உத்தரவு போடுவது இன்னொரு படி. "பொருத்துவதற்கு முன்", "பொருத்திய பின்", "எடுப்பதற்கு முன்", "எடுத்த பின்" என்று சீட்டுகள் தனித்தனியாக ஒரே கோப்பில் எழுதப்பட்டிருக்கும். நிர்வாகி இரண்டாவது உத்தரவு போடும்போதுதான் அவை ஓடும். சீட்டில் என்ன இருக்கிறது என்று அதற்கு முன்பே படித்துப் பார்க்கலாம்!

விடுதிக்காரரின் கஷ்டத்துக்கும் இதுதான் மருந்து. சாமான் வந்து இறங்கட்டும். அதற்குப் பிறகு தளத்துக்குப் பொறுப்பானவர் பெயர் சொல்லி ஒரு முறை உத்தரவு போடட்டும். பொத்தான் அழுத்துவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மற்றவர்கள் வீட்டையே பறிகொடுத்தார்கள்.

புழு வருவதற்கு முன்பே, 2025 ஜனவரியில், "பி.என்.பி.எம்." என்ற புரோகிராம் இந்த வழிக்கு வந்து விட்டது. என்.பி.எம். கிடங்கிலிருந்துதான் அதுவும் பொட்டலம் எடுக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் அனுமதித்த பெயர்ப் பட்டியலில் இருந்தால்தான் சீட்டை ஓட விடும்.

இதனால் அபாயம் முழுவதும் நீங்கி விட்டதா? இல்லை. பொட்டலத்தைப் பயன்படுத்தும்போது அதற்குள் இருப்பது ஓடத்தானே செய்யும்! 2018-ல் ஒரு பிரபல பொட்டலத்தில் இப்படித்தான் நடந்தது. அதை எழுதியவர் சம்பளம் இல்லாமல் பல ஆண்டு பார்த்துப் பார்த்துக் களைத்துப் போனார். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். பொறுப்பை அவரிடம் கொடுத்தார். வந்தவர் நஞ்சைக் கலந்து விட்டார்! அதில் கட்டளைச் சீட்டே இல்லை.

ஆனாலும் வாசல் கதவைத் தாழ் போடுவது வீண் வேலை ஆகி விடாது. திருடன் பின்பக்கமாக வரக்கூடும் என்பதற்காக யாராவது முன்கதவைத் திறந்து போட்டுத் தூங்குவார்களா?

நம் வீட்டில்...

"இதெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் போனும் ஒரு கம்ப்யூட்டர்தான்.

2024-ல் இந்தியாவில் ஒரு புது மோசடி கிளம்பியது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வரும். "யாருக்குக் கல்யாணம்?" என்று தொட்டுப் பார்ப்பார்கள். அது பத்திரிகையே அல்ல! "ஏ.பி.கே." என்று முடியும் பெயர் கொண்ட ஒரு புரோகிராம். தொட்டு, கேட்பதற்கெல்லாம் "சரி" என்று சொல்லி விட்டால் போனுக்குள் குடியேறி, பாங்கியிலிருந்து வரும் ரகசிய எண்களைப் படிக்கும். போலீசார் பொதுமக்களை எச்சரித்தார்கள்.

ஆகையால் வீட்டில் உள்ளவர்கள் கீழ்க்கண்டவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1. கல்யாணப் பத்திரிகை படமாக வரும். அல்லது எழுத்தாக வரும். "என்னை நிறுவு" என்று ஒருநாளும் கேட்காது. கேட்டால் அது பத்திரிகை அல்ல.

2. போனுக்குப் புது புரோகிராம் வேண்டுமானால் போனில் உள்ள கடையிலிருந்தே எடுக்க வேண்டும். பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒரு கோடு குறைந்ததால் ஏமாந்தவர்கள் உலகத்துப் புரோகிராம்காரர்களே!

3. விளக்குப் போல வெளிச்சம் தரும் புரோகிராம், "உன் செய்திகளைப் படிக்கட்டுமா?" என்று கேட்டால், "விளக்குக்கு எதற்குக் கடிதம்?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

4. கடைக்கோ விடுதிக்கோ இணையதளம் வைத்திருப்பவர்கள், அதைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "வெளியிலிருந்து வரும் சாமான் தானாக ஓடுகிறதா? நாம் உத்தரவு போட்டால்தான் ஓடுகிறதா?" பதில் சொல்லத் திணறினால் ஆளை மாற்ற வேண்டாம், வழக்கத்தை மாற்றச் சொல்லலாம்.

5. பணம் பறிபோய் விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இந்தியா முழுவதற்கும் அதுதான் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே மடக்கிப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கம்ப்யூட்டரும் போனும் நமக்கு நல்ல வேலைக்காரர்கள். ஆனால் எஜமான் யார் என்று அவற்றுக்குத் தெரியாது. யார் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் ஓடும். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடும் உரிமையை நாம் யாருக்கும் விட்டுக் கொடுக்கக் கூடாது!